சிறு சேவைத் தொழிலுக்குள் கொத்தடிமை வேலை நுழையாமல் பார்ப்பது எப்படி? கொழும்பில் தொழில் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

கடந்த ஒக்டோபரில் எங்கள் வாடிக்கையாளர் அலுவலகம் ஒன்றிலிருந்து மின்னஞ்சலில் ஒரு கேள்விக்கொத்து வந்தது. மொத்தம் 38 கேள்விகள். தலைப்பு 'நவீன அடிமைத்தனம்'. நான் வெள்ளவத்தையில் சிறியதொரு துப்புரவுச் சேவை நடத்துகிறேன். சொந்த ஊழியர்கள் 14 பேர்; வேலை கூடும்போது ஒப்பந்தக்காரர் ஒருவர் ஆறு பேரை அனுப்புவார். அலுவலகங்களையும் தொடர்மாடி வீடுகளையும் கூட்டித் துடைத்துக் கொடுக்கிற எனக்கும் அடிமை வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்துவிட்டு, 38 கேள்விகளுக்கும் 'பொருந்தாது' என்று போட்டு அனுப்பினேன். நான்காம் நாள் திரும்பி வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் ஆதாரம் இணைக்க வேண்டுமாம்.

ஆதாரம் தேடப் புறப்பட்ட பிறகுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. பதினொரு வாரம் பிடித்தது. வழி தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருக்கலாம் என்பதால் இதை எழுதுகிறேன். நடுவில் ஓர் ஆலோசகர் 'கொள்கை ஆவணம்' எழுதித் தர ஒன்றரை இலட்சம் ரூபா கேட்டார். உங்களிடமும் யாராவது கேட்பார்கள். அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

அந்த அலுவலகம் ஏன் கேட்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டு விற்பனை 36 மில்லியன் பவுணுக்குக் குறையாத நிறுவனங்கள், தங்கள் தொழிலிலும் தங்களுக்கு வழங்குவோரிடத்திலும் அடிமைத்தனம் இல்லாதிருக்க என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டம் 100 மில்லியன் டொலர் வருமானத்துக்கு மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்கிறது. இச்சட்டங்கள் உங்களையும் என்னையும் நேரடியாகக் கட்டாது. ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் தாய்க் கம்பனி லண்டனிலோ மெல்பேர்னிலோ இருந்தால் கேள்விக்கொத்து உங்கள் வாசலுக்கு வரும். உங்களைக் கட்டுவது இலங்கைச் சட்டம்: தண்டனைச் சட்டக் கோவையில் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு வந்த பிரிவுகள் கடன் பிணையையும் (கடனைச் சாட்டி ஒருவரை வேலையில் கட்டி வைப்பது) கட்டாய வேலையையும் ஆட்கடத்தலையும் குற்றமாக்குகின்றன. ஆட்கடத்தலுக்கு 2 முதல் 20 ஆண்டு வரை சிறை.

1. உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள்

என் இழுப்பறையில் ஒன்பது பேரின் தேசிய அடையாள அட்டைகள் இருந்தன. ஒரு நல்ல இனிப்பு டப்பாவில், பத்திரமாக. தொலைத்துவிடுவார்கள் என்று வாங்கி வைத்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மைக் காரணம் வேறு. முன்பு ஒருவர் சீருடையோடும் முற்பணத்தோடும் சொல்லாமல் போய்விட்டார். அட்டை என்னிடம் இருந்தால் யாரும் அப்படிப் போக மாட்டார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்குக்குத்தான் கட்டாய வேலை என்று பெயர். சர்வதேசத் தொழில் தாபனம் கட்டாய வேலைக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில் அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதும் ஒன்று. அட்டை இல்லாத ஆள் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, வேறு வேலைக்குப் போக முடியாது, பொலிஸ் மறித்தால் பதில் சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். எல்லா அசல் ஆவணங்களையும் இன்றே திருப்பிக் கொடுங்கள்: அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாம். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு, 'அசல் எனக்குத் திரும்பக் கிடைத்தது' என்று அவரவர் மொழியில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். செலவு பிரதிக்கான சில்லறை மட்டும். அந்தக் கொப்பிப் பக்கம்தான் உங்கள் முதல் ஆதாரம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கொழும்பில் பல கட்டடங்களின் வாசலில் காவலாளி அட்டையை வாங்கி வைத்துக்கொண்டுதான் துப்புரவு ஆட்களை உள்ளே விடுகிறார். மாலை ஆறு மணிக்கு அவருடைய முறை மாறிவிடும், அட்டை வேறொரு இழுப்பறையில் கிடக்கும். கட்டட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்களுடைய மூன்று கட்டடங்களில் இரண்டு ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டன.

2. முற்பணக் கொப்பியைச் சீர் செய்யுங்கள்

முற்பணம் கொடுக்காமல் இந்த ஊரில் ஆள் வைத்திருக்க முடியாது. தீபாவளி, தைப்பொங்கல், பிள்ளையின் பாடசாலைச் செலவு, ஊரில் மரணவீடு. கொடுப்பதில் பிழையில்லை. எவ்வளவு மிச்சம் என்று கடன்பட்டவருக்கே தெரியாமல் போகும் நாளில்தான் பிழை தொடங்குகிறது.

நான் இப்போது வைத்திருக்கும் விதிகள்: ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் முற்பணம் இல்லை. வட்டி இல்லை. மாதத் தவணை எவ்வளவு என்பதைக் கொடுக்கும்போதே எழுதி, ஒரு பிரதி அவரிடம். ஒவ்வொரு மாதமும் சம்பளச் சீட்டில் மிச்சத் தொகை தெரிய வேண்டும். கடன் இருக்கும்போதே ஒருவர் வேலையை விட்டுப் போகலாம். மிச்சத்தை எப்படித் தருவார் என்று பேசிக்கொள்ளலாம், ஆனால் அதைச் சாட்டாக வைத்துக் கடைசிச் சம்பளத்தையோ சேவைக் கடிதத்தையோ மறிக்கக் கூடாது.

இரண்டு கழிவுகளை உடனே நிறுத்துங்கள். ஒன்று, பிந்தி வந்ததற்கும் வராததற்கும் போடும் 'குற்றக்காசு'. மற்றது, ஆளைக் கூட்டிவந்த தரகருக்குக் கொடுத்த பணத்தை அந்த ஆளின் சம்பளத்திலேயே கழிப்பது. ஆள் தேடும் செலவு முதலாளியுடையது. தோட்டத்திலிருந்து ஆள் கொண்டுவந்து விடும் தரகருக்கு இன்று கங்காணி என்ற பெயர் இல்லை. தொழில் அப்படியே இருக்கிறது.

3. வயதை நீங்களே கணக்குப் பாருங்கள்

இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆபத்தான வேலைகளுக்கு 18 நிரம்ப வேண்டும். இரசாயனத் திரவம், உயரத்தில் கண்ணாடி துடைத்தல், இரவு வேலை என்று எங்கள் தொழிலே அந்த எல்லையில் உரசிக்கொண்டிருப்பதால், 18க்குக் குறைந்த யாரையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். விவாதத்துக்கு இடம் வைக்காத விதிதான் மேற்பார்வையாளருக்கு இலகு.

அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கப் பழகுங்கள். 12 இலக்கப் புதிய அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டியிருக்கும். ஆக 2009532 என்று தொடங்கினால், 2009ஆம் ஆண்டின் 32ஆம் நாள், பெப்ரவரி 1இல் பிறந்த பெண். அவளுக்கு 18 நிரம்புவது 2027 பெப்ரவரி 1. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டைக் காட்டும்.

அக்காவின் அட்டையோடு தங்கை வருவதுண்டு. முகம் ஒத்துப்போகும். பிறந்த திகதி, படித்த பாடசாலை, சாதாரண தரம் எழுதிய ஆண்டு மூன்றையும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்; ஒன்றோடொன்று ஒட்டாவிட்டால் பிறப்புச் சான்றிதழ் கேளுங்கள். வயது குறைந்த பிள்ளை என்று தெரிந்தால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கூட்டிவந்தவர் அடுத்த வாசலுக்குக் கொண்டுபோவார். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு அழையுங்கள்.

4. ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு

இது சலிப்பான படி, ஆனால் கேள்விக்கொத்தில் பாதி இங்கேதான் முடிகிறது. ஒவ்வொரு ஊழியரின் கோப்பிலும் இருக்க வேண்டியவை: அவர் வாசிக்கும் மொழியில் நியமனக் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, வரவு மற்றும் மேலதிக நேரப் பதிவு, மாதச் சம்பளச் சீட்டுகள், முற்பணத் தாள்.

என் ஊழியரில் ஒன்பது பேர் தமிழ், ஐவர் சிங்களம். நியமனக் கடிதம் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் இருந்தது. கையொப்பம் போட்ட ஒருவருக்கும் அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. மூன்று மொழியிலும் ஒரே கடிதத்தைத் தயாரிக்க ஒரு சனிக்கிழமை போதும்.

கணக்கு இப்படி. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000. நாட்கூலி 1,080 ஆக இருந்து இப்போது 1,200. சேமலாப நிதிக்கு நீங்கள் 12 வீதம், ஊழியர் 8 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் மட்டும் 3 வீதம். எனவே 30,000 வாங்கும் ஒருவருக்கு உங்கள் செலவு 34,500; அவர் கைக்குப் போவது 27,600. பங்களிப்பை அடுத்த மாத இறுதிக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும்.

துப்புரவுச் சேவைக்குத் தனியாகவே சம்பளச் சபை இருக்கிறது. வேலை நேரம், விடுமுறை, மேலதிக நேரம் எல்லாவற்றையும் உங்கள் தொழிலுக்குரிய சபையின் தீர்மானத்தில் பாருங்கள். அலுவலகமோ கடையோ நடத்துவோருக்கு 1954ஆம் ஆண்டுக் கடை, அலுவலகச் சட்டம்: நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. எது பொருந்தும் என்று குழம்பினால் நாரஹேன்பிட்டவிலுள்ள தொழில் திணைக்களத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். காலை எட்டரைக்குப் போனால் பதினொரு மணிக்குள் வெளியே வரலாம். மதியம் போனால் அந்த நாள் போனது. கேள்விகளைத் தமிழிலேயே எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு அது பயன்பட்டது.

5. மலிவான விலைமனுவைப் பிரித்துப் பாருங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றாலும் இதையே செய்யுங்கள்.

என் ஒப்பந்தக்காரர் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 1,100 ரூபா வாங்கினார். மலிவு என்று நான் மகிழ்ந்தேன். ஆள் எப்போதும் நேரத்துக்கு வரும், ஒருவரும் விடுப்புக் கேட்பதில்லை, ஒருவரும் வாய் திறப்பதில்லை. இப்படியொரு ஒப்பந்தக்காரர் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று நண்பர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கேள்விக்கொத்து வந்த பிறகு ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். அன்றைய குறைந்தபட்ச நாட்கூலி 1,080. அதன் மேல் இரண்டு நிதிகளுக்கும் 15 வீதம், அதாவது 162. ஆக 1,242. சீருடை இல்லை, பயணம் இல்லை, ஒப்பந்தக்காரரின் இலாபம் இல்லை. அதற்கு முன்பே 1,242. நான் கொடுத்தது 1,100. அந்த 142 ரூபாவையும் அவருடைய இலாபத்தையும் யாரோ தங்கள் உடம்பால் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணக்குக்கு ஆலோசகர் வேண்டாம், ஐந்தாம் வகுப்பு போதும். ஆனாலும் இரண்டு வருடம் நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

பிறகு அந்த ஆறு பேரில் ஒரு பெண்ணோடு தனியே பேசினேன். மஸ்கெலியாப் பக்கம் ஊர், வயது இருபத்திரண்டு. சம்பளம் வங்கிக்குத்தான் வருகிறதாம். கேள்விக்கொத்தில் அதற்கும் ஒரு பெட்டி இருந்தது; 'சம்பளம் வங்கி மூலம் வழங்கப்படுகிறதா?' ஆம் என்று அடையாளமிடப் பேனாவை எடுத்தேன்.

"கார்ட் சுப்பவைசரிடம் இருக்கிறது மிஸ்," என்றாள். "எங்கள் எல்லாருடையதும் அவரிடம்தான். இரகசிய இலக்கமும் அவருக்குத் தெரியும்."

அடுத்த நாள் நானே பார்த்தேன். ஆறு வங்கி அட்டைகள், ஒரு இறப்பர் வளையம் போட்டு, அந்த மனிதரின் சட்டைப் பையில்.

அவளுடைய கணக்கு இதுதான். நாட்கூலி 800, 26 நாளைக்கு 20,800. அறை வாடகை 4,500, சாப்பாடு 7,800, சீருடைக்கு 1,500 கழியும். மிச்சம் 7,000. அதில் கடன் தவணை 5,000. வீட்டுக்கு அனுப்ப 2,000. கடன், முந்திய தீபாவளிக்கு வீட்டில் கொடுத்த 40,000 முற்பணம். எட்டு மாதம் 5,000 கட்டியிருக்கிறாள். பள்ளிக்கூடக் கணக்கில் கடன் தீர்ந்துவிட்டது. சுப்பவைசரின் கொப்பியில் இன்னும் 38,000 நின்றது. வட்டி, காய்ச்சலில் படுத்த நாட்களுக்கு நாளொன்றுக்கு 1,000 குற்றக்காசு, இன்னும் என்னென்னவோ. போய்விடுகிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, ஊரில் அப்பாவிடம் பொலிஸ் வரும் என்று பதில் கிடைத்திருக்கிறது.

அவள் என் வாடிக்கையாளரின் வரவேற்பறையைத்தான் தினமும் துடைத்தாள். காலையில் அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நான் என் வேலையைப் பார்த்தேன்.

உங்களுக்கான சூத்திரம்: எந்த ஒப்பந்தக்காரர் ஆளனுப்பினாலும், நாளுக்கு 1,380 ரூபாவுக்குக் குறைந்த விலைமனு இப்போது சட்டப்படி சாத்தியமில்லை. 1,200 கூலி, 180 நிதிகளுக்கு. அதற்கு மேல் அவருக்கு நியாயமான ஒரு தொகை வேண்டும். மாதக் கணக்கில் என்றால் 34,500. பன்னிரண்டு மணி நேர முறைக்கு விலை கேட்டால் மேலதிக நேரம் எங்கே என்று கேளுங்கள். விலைமனுவைக் கூலி, நிதிகள், சீருடை, பயணம், இலாபம் என்று ஐந்து வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரிக்க மறுப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

என் செலவையும் சொல்கிறேன். அதன்பின் ஓர் ஆளுக்கு 1,550 கொடுக்கத் தொடங்கினேன். ஆறு பேர், 26 நாள். மாதம் 70,200 ரூபா கூடியது. மூன்று வாடிக்கையாளரிடம் கணக்கைக் காட்டி விலையை உயர்த்தினேன்; ஏறத்தாழ 45,000 அங்கிருந்து வந்தது. நான்காமவர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார். யாரைப் பார்த்திருப்பார், என்ன விலைக்கு என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

6. மற்ற வழங்குநர்களை வரிசைப்படுத்துங்கள்

எல்லோரையும் விசாரிக்கத் தொடங்கினால் தொழில் நடக்காது. கடந்த ஆறு மாதச் சிட்டைகளை எடுத்து, பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். எனக்கு 23 பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: கையால் செய்யும் மலிவான வேலையா? ஆட்கள் வேலையிடத்திலேயே தங்குகிறார்களா? தரகர் மூலம் வந்தவர்களா? இரண்டுக்கு ஆம் என்றால் அவரைப் போய்ப் பாருங்கள். மின்சாரக் கட்டணமும் எழுதுகருவிக் கடையும் இந்தப் பட்டியலில் உங்கள் நேரத்தைத் தின்னக் கூடாது.

எனக்கு நான்கு பேர் தேறினார்கள். சீருடை தைக்கும் சிறு தையற்கூடம், துடைதுணி வெளுக்கும் சலவையகம், இரவுக் காவல் அனுப்பும் நிறுவனம், கையுறை விற்கும் மொத்த வியாபாரி. காவல் நிறுவனம் என்றால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு அமைச்சில் பதிந்திருக்க வேண்டும். பதிவுப் பிரதியைக் கேளுங்கள். கையுறை சிறு பொருள்தானே என்று நினைத்தேன். மலேசியாவின் பெரிய கையுறைத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றின் சரக்கை, கடன் பிணை உட்படக் கட்டாய வேலைக் குறிகளைச் சொல்லி 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கம் தடுத்தது. வேலை கிடைக்கத் தரகருக்குக் கட்டிய பணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்த பிறகே, 2021 செப்டெம்பரில் தடை நீங்கியது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லாத கையுறையை இப்போது நான் வாங்குவதில்லை. உள்ளூரில் தயாராகும் இறப்பர் கையுறையே நம் வேலைக்குப் போதும்.

போய்ப் பார்க்கும்போது சொல்லிவிட்டுப் போங்கள், ஆனால் நேரம் சொல்லாதீர்கள். அலுவலக அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினால் ஒன்றும் தெரியாது. தங்குமிடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வெளிக்கதவின் பூட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். இரவில் வெளியிலிருந்து பூட்டினால் அது தங்குமிடம் ஆகாது. சலவையகத்தில் நான் பார்த்தது ஒரு சமையலறை, ஆறு பாய், திறந்த கதவு, சுவரில் சம்பள நாள் எழுதிய தாள். வெந்நீரும் சோடாவும் தெறிக்கிற அந்த இடத்தில் காலணி இல்லை என்பது வேறு குறை. அதையும் எழுதிக்கொடுத்தேன், வாங்கிவிட்டார்கள்.

7. ஒப்பந்தத்தில் ஐந்து வரி

நீளமான ஒப்பந்தம் யாரும் வாசிப்பதில்லை. ஒரு பக்கத்தில், அவர்கள் மொழியில் இவற்றை எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்: தொழிலாளரின் அசல் ஆவணத்தையோ வங்கி அட்டையையோ யாரும் வைத்திருக்கக் கூடாது, வேலைக்கு எடுப்பதற்காகத் தொழிலாளரிடம் பணம் வாங்கக் கூடாது, கூலி குறைந்தபட்சத்துக்குக் குறையாமல் அவர் கணக்குக்கே போக வேண்டும், நிதிப் பங்களிப்புப் பற்றுச்சீட்டை ஒவ்வொரு மாதமும் எனக்குக் காட்ட வேண்டும், என் அனுமதியில்லாமல் வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. கடைசி வரியைத் தவறவிட்டால் முதல் நான்கும் வீண். கைமாறிப் போன இடத்தில் நீங்கள் யாரென்றே அவர்களுக்குத் தெரியாது.

அதோடு, அவர்கள் அனுப்பும் ஆட்கள் என்னோடு பேச ஒரு வழி வேண்டும். புகார்ப் பெட்டி வைத்தேன்; மூன்று மாதத்தில் விழுந்தது ஒரு பிஸ்கற் உறை. பிறகு ஒரு தொலைபேசி இலக்கத்தைச் சம்பளச் சீட்டின் பின்னால் தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தேன். அழைப்பை எடுப்பவர் மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது; எங்களிடம் கணக்குப் பார்க்கும் அக்கா எடுக்கிறார். பெண்கள் அவரோடு பேசுகிறார்கள்.

8. ஏதாவது அகப்பட்டால்

முதல் வேகத்தில் ஒப்பந்தத்தை அறுத்துவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அப்படிச் செய்திருந்தால் அந்த ஆறு பேரும் அன்றிரவே அறையிலிருந்து வெளியேற்றப்பட்டிருப்பார்கள், கடன் மட்டும் கூடவே போயிருக்கும். முதலில் தொழிலாளரிடம் தனியே, அவருடைய மொழியில், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மேற்பார்வையாளரை மொழிபெயர்ப்புக்கு வைக்காதீர்கள். கேட்டதைத் திகதியோடு எழுதி வையுங்கள்.

மிரட்டல், அடி, பூட்டி வைத்தல், பாலியல் தொல்லை, வயது குறைந்த பிள்ளை: இவற்றில் எது இருந்தாலும் நீங்கள் சமரசம் பேசாதீர்கள். பொலிஸ் 119. சிறுவர் என்றால் 1929. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் ஆட்கடத்தல் விசாரணைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. சம்பளம், சேமலாப நிதி நிலுவை என்றால் தொழில் அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடலாம். வெளிநாட்டு வேலை என்று சொல்லி யாராவது உங்கள் ஊழியரிடம் பணம் வாங்கிச் சுற்றுலா விசாவைக் காட்டினால், பணம் கொடுக்கும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைக்கச் சொல்லுங்கள்.

எங்கள் விடயத்தில் அந்தப் பெண்ணும் மற்ற ஐவரும் கேட்டது இரண்டு: கடன் கொப்பி கிழிய வேண்டும், வேலை போகக் கூடாது. முறைப்பாடு வேண்டாம் என்றார்கள். அந்த உரிமை இன்னும் இருக்கிறது என்று தொழில் அலுவலக முகவரியை எழுதிக் கொடுத்தேன். ஒப்பந்தக்காரரை அழைத்து, நிலுவைச் சிட்டைகளுக்கான என் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசினேன். மூன்றாம் சந்திப்பில் வங்கி அட்டைகள் திரும்பின, கடன் தீர்ந்ததாக ஆறு கடிதங்கள் வந்தன. கூலி வித்தியாசத்தில் பாதியை அவர் கொடுத்தார், பாதியை நான் கொடுத்தேன். நான் எதற்குக் கொடுக்க வேண்டும் என்று என் கணவர் கேட்டார். 1,100க்கு ஒத்துக்கொண்டது நான்தானே. மூன்று மாதத்துக்குப் பிறகு நான்கு பேரை நேரடியாகவே வேலைக்கு எடுத்தேன். ஊழியர் எண்ணிக்கை 18 ஆனதால் இனிப் பணிக்கொடைச் சட்டமும் எனக்குப் பொருந்தும்: 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்தாண்டு வேலை செய்தவருக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதைத் தவிர்க்கவே 14இல் நின்றுகொண்டிருந்தேன் என்பதையும் ஒளிப்பதற்கில்லை.

9. கேள்விக்கொத்துக்குப் பதில் எழுதுவது

இதைக் கடைசியாகச் செய்யுங்கள். மற்ற எட்டும் முடிந்திருந்தால் இது இரண்டு மாலை வேலை. 'பொருந்தாது' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். 'இல்லை, ஏப்ரலுக்குள் செய்கிறோம்' என்ற பதிலுக்கு அங்கே மதிப்பு உண்டு. இணைக்க வேண்டியவை: ஒரு பக்கக் கொள்கை அறிக்கை, நியமனக் கடித மாதிரி, ஆவணம் திருப்பிக் கொடுத்த கொப்பிப் பக்கம், வழங்குநர் பட்டியல், போய்ப் பார்த்த குறிப்புகள், சேமலாப நிதிப் பற்றுச்சீட்டுகள். ஊழியரின் பெயர், அடையாள இலக்கம், கணக்கு இலக்கம் மூன்றையும் கறுப்பு மையால் மறைத்து அனுப்புங்கள். ஒரு நண்பர் 30 பேரின் முழு விபரத்தையும் அப்படியே அனுப்பிவிட்டார்.

27ஆம் கேள்வி, 'கடந்த 12 மாதங்களில் ஏதாவது சம்பவம் கண்டறியப்பட்டதா?' என்பது. இல்லை என்று போடச் சொல்லாத ஆள் இல்லை. ஆம் என்று எழுதி, ஆறு பேர், கடன் பிணை, வங்கி அட்டைகள் பிடித்து வைக்கப்பட்டன, இன்ன திகதியில் திருப்பிக் கொடுக்கப்பட்டன என்று அரைப் பக்கம் இணைத்தேன். ஒப்பந்தம் போய்விடும் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள் வந்த மின்னஞ்சலில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: ஓர் ஆளுக்கு நாளுக்கு எவ்வளவு கொடுத்தால் இது மறுபடி நடக்காது? பழைய சிட்டையின் பின்பக்கத்துக் கணக்கைப் புதிய கூலியோடு திருத்தி எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன்.

கேள்விக்கொத்து ஒவ்வொரு ஒக்டோபரிலும் வரும் என்றார்கள். செப்டெம்பர் முதல் வாரத்திலேயே வழங்குநர் பட்டியலை எடுத்துத் தூசு தட்டுங்கள். குறைந்தபட்சச் சம்பளம் மாறும் நாளிலெல்லாம் ஐந்தாம் படியின் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.